உன் அண்ணன் மேல் தப்பில்லை

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருப்பதாக உன் கைப்பட எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து மலை ஏறி இறங்கும், பொறுத்துக்கொண்டு படி. அண்ணியிடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம், அவள் எழுத்து அச்சடித்தது போல இருக்கும், ஆனால் இந்த விஷயத்தை அவள் கையால் எழுத வைக்க எனக்கு மனசில்லை. போனில் சொல்லலாமென்றால் நம் வீட்டுப் போன் உனக்குத் தெரியாதா, ஸ்பீக்கரைப் போட்டு நாலு பேரும் சுற்றி உட்கார்ந்துதான் பேசுவோம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வைத்தியர் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார். குளியலறைக் குழாயை அண்ணனே பிரித்து மாட்டிவிட்டான். உன் அத்தை போன வாரம் வந்தாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுப் பால்கனியில் நின்று, நான் போட்ட டீ வெந்நீர் மாதிரி இருக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாளே, அதே டீயை இந்தத் தடவை இரண்டு டம்ளர் குடித்தாள். நான் டம்ளரை எண்ணிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அண்ணன் போனை எடுத்துப் பதினேழு நாள் ஆகிறது. அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய், அவன் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. அவன் வெல்டிங் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது உனக்கு அங்கே காலை என்று கணக்குப் பார்த்துத்தான் கூப்பிடுகிறான். எடுக்கவில்லை என்றதும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே டப்பாவை மூடுகிறானாம், பட்டறை மேஸ்திரி என்னிடம் சொன்னார். நாலு வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு விமானம் மாறுவதற்காக அந்தப் பெரிய நகரத்தில் இறங்கினாய், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மூன்றாம் எண் கதவுக்கு வெளியே நிற்பேன், என் போன் அங்கே வேலை செய்யாது, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று பத்துத் தடவை சொல்லியிருந்தாய். நாங்கள் வரவில்லை. அன்று ராத்திரி நீ உன் ஊர் போய்ச் சேர்ந்து கூப்பிட்டபோது அவன் டிராபிக் என்றான். நீ கேட்டாய், "நாலு வருஷத்துல ஒரு நாள், எனக்காக ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பக் கூடாதாண்ணா?" என்று. அவன் தப்புத்தான் என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் நேரம் கழித்துக் கிளம்பவில்லை. காலை ஐந்து மணிக்கெல்லாம் கார் வாசலில் நின்றது. பட்டறை முதலாளியின் பழைய கார், என் பக்கத்துக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. முன்னால் அண்ணனும் அப்பாவும், பின்னால் நானும் அண்ணியும், மடியில் பேரனுக்குத் தைத்த சட்டைகள் இருந்த பை. ஒன்பது மணிக்கு நகரத்துக்குள் நுழைந்துவிட்டோம். நுழைந்தோமா, அது எங்களை விழுங்கியதா என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சாலைக்கு மேல் இன்னொரு சாலை, அதற்கு மேல் ரயில், அதற்கும் மேல் ஒரு பாலம் பாதியில் நின்றுகொண்டு. இடது பக்கம் போக வேண்டுமென்றால் வலது பக்கம் ஏறிச் சுற்றி வர வேண்டுமாம், இது யார் மூளையில் உதித்ததோ. பக்கத்தில் வருகிறவன் எல்லாம் ஹாரனை அமுக்குகிறான், எதற்கென்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அப்பா ஏதோ தேரை நிறுத்தப் போகிறவர் மாதிரி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி கையில் போன், அதற்குள்ளே ஒரு பெண் இருநூறு மீட்டர் நூறு மீட்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முகம் தெரியாதவள் பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டுவதா என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

நான் எப்படி வழி பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை போன இடம் எனக்கு மறக்காது. அப்படித்தான் அன்றைக்கும் ஒவ்வொன்றாக மனசில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்பதரை மணிக்கு ஒரு நாற்சந்தியில், மாடி உயரத்துக்குச் சிவப்புக் கோப்பை வைத்த காப்பிக்கடை, அதற்கு அடுத்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, அதற்கு அடுத்து பச்சை விளக்கில் கூட்டல் குறி போட்ட மருந்துக்கடை. சரி. அப்புறம் பாலம், சுரங்கம், மறுபடி பாலம். இருபத்தைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அதே சிவப்புக் கோப்பை, அதே மூக்குக்கண்ணாடிக் கடை. சுற்றிச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டோம், வண்டியைத் திருப்பு என்று சொன்னேன். அண்ணியோ, 'இல்லை அத்தை, இன்னும் இருபத்தைந்து நிமிஷந்தான், நேராகத்தான் போகிறோம்' என்று போனைக் காட்டினாள். நான் அதைக் கையால் தள்ளிவிட்டேன். மூன்று தரம் காட்டினாள், மூன்று தரமும் தள்ளினேன். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "நல்லா தெரியுமாம்மா?" என்றான். "நான் பார்த்தது எப்பவாவது பொய்யா போயிருக்காடா?" என்றேன். போனதில்லை. அது அவனுக்கும் தெரியும். பொண்டாட்டியையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை, யூ டர்ன் போட்டுத் திருப்பிவிட்டான்.

மருந்துக்கடை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இரண்டைப் பார்த்ததும் மூன்றாவதும் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டு மடக்கியிருக்கிறேன், அன்றைக்கு என்னை நான் ஒரு கேள்வி கேட்கவில்லை.

திருப்பினது ஒருவழிப்பாதை, இறங்க இடமில்லாத பாலத்தில் ஏற்றிவிட்டது. கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறது, நிற்க முடியாது. போன்காரி வேறு பாதை தேடுகிறேன் என்று சொல்லியே களைத்துவிட்டாள். பதினொரு மணிக்கு நகரத்தின் மறுகோடியில் இறக்கிவிட்டது. அங்கேயும் அந்தச் சிவப்புக் கோப்பை நின்றது. இந்தத் தடவை பக்கத்தில் டயர் கடை. இறங்கிப் போய், வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம், இந்தக் கடை அங்கேயும் இருந்ததே, இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதே கடை இந்த ஊர்ல நாப்பது இடத்துல இருக்கும்மா, எல்லாம் ஒரே முதலாளி" என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையும் அப்படித்தானாம். ஒரே முகத்தோடு நாற்பது கடை வைத்தால் வழிப்போக்கன் எதை அடையாளம் வைப்பான், நீயே சொல். நான் காருக்குள் வந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருந்தது. அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணன், இப்ப எந்தப் பக்கம் என்று பொண்டாட்டியிடம் மெதுவாகக் கேட்டான். அவளும் அன்றிலிருந்து இன்றுவரை, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். பிடிக்க ஒரு முனை கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

விமான நிலையத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. காரை நிறுத்த நாலு மாடி ஏற வேண்டுமென்று என்னை மட்டும் முதலில் இறக்கிவிட்டு, ஓடும்மா என்றான். ஓடினேன். இனி எழுதுவது யாருக்கும் தெரியாது. மூன்றாம் எண் கதவுக்கு வெளியே நீ இல்லை. கண்ணாடிக்கு உள்ளே, கயிறு கட்டின பாதையில் நீ போய்க்கொண்டிருந்தாய். முதுகைத்தான் பார்த்தேன். ஆறாவது படிக்கும்போது மாடிப்படியில் விழுந்து கட்டுப் போட்டோமே, அந்த இடது காலை இன்னும் கொஞ்சம் வெளியே வைத்துத்தான் நடக்கிறாய், ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் கண்ணால் பார்த்ததையே நம்பித்தானே கெட்டேன், இதுவும் வேறு யாரோ பெண்ணாக இருந்தால் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். அந்த நொடியில் நீ இன்னும் பத்தடி போய்விட்டாய். உன் தோளில் பேரன் தாடையை வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தான். நான் கண்ணாடியைத் தட்டினேன். காவலாளி தட்டக் கூடாதம்மா என்று கையைப் பிடித்தார். பேரன் பார்த்துக்கொண்டே இருந்தான், என்னைத்தானா, கண்ணாடியில் தெரிந்த வெளிச்சத்தையா, எனக்குத் தெரியவில்லை. நீ வளைவில் திரும்பிவிட்டாய்.

அவர்கள் மூச்சு வாங்க வந்து கேட்டபோது, இல்லை, போய்விட்டாள் என்றேன். பார்த்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் எத்தனை நிமிஷத்தில் தவறவிட்டோம் என்று தெரிந்துவிடும், அந்த நிமிஷமெல்லாம் யார் கையால் போனது என்பதும் தெரியும். பேரன் சட்டைகள் இருந்த பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சட்டைகளை அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், கை கொஞ்சம் நீளமாக இருக்கும், மடித்துப் போடு.

நீ கோபக்காரி இல்லை என்று நினைத்திருந்தேன், பதினேழு நாள் பார்த்ததில் என் மகள்தான் என்று தெரிந்துவிட்டது. கோபம் வேண்டாமென்று நான் சொன்னால் ஊர் சிரிக்கும். வைத்துக்கொள், ஆனால் வைக்க வேண்டிய இடத்தில் வை. அவன் மேல் வைத்திருப்பதை எடுத்து என் மேல் போடு, எனக்கு அது பாரமில்லை, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்குவேன். அவன் தாங்க மாட்டான்.

பேரனுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள், பல் முளைக்கிற சமயம் பேதியானால் பயப்படாதே. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது, அண்ணன் வீட்டில் இருப்பான். அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர் போடாமல் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து அவனுக்குப் படித்துக் காட்டு. கண்ணாடியைத் தட்டினதையும் விடாதே. எனக்கு எதிரில் நின்று சொல்ல வராது, இத்தனை வயசுக்கு மேல் இனியும் வராது.

உன்னைப் பெற்றவள்,
அம்மா