சீர்த்தட்டில் வந்த ஜப்பான் பம்பு

என் தங்க மாப்ள முருகேசா,

நல்லாருக்கியான்னு கேக்க வாய் வரலை. நீ பார்க்காத உன் மகளுக்கு இப்ப மூணு வயசு. அச்சு அசல் உன் மூஞ்சி. அவகூட விளையாடுற பிள்ளைக சொல்லுதுக: “உங்கப்பன் பீடி குடிச்சுக் காரைக் கொளுத்துனவன்.”

நீ பீடியத் தொட்டவனா? அந்தக் கதையக் கட்டிவிட்டது நான்தான்.

உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டாந்தேனே, நூறு தட்டு, ரெண்டு செட்டு மேளம். சரி, பதினோரு தட்டு, ஒரு மேளம். ஆனா பட்டுவேட்டிக்குப் பக்கத்துல, மஞ்சள் குங்குமம் வச்சு, உன் வாடகைக் காருக்கு, எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்பு! எந்த மாமன் கொண்டாந்திருக்கான்? “ஜப்பான் ரேஸ் காருல உள்ளது. தூத்துக்குடியில கப்பல்லயே ஏறி வாங்குனேன். இனிமே உன் காரு பறக்கும்லே”ன்னேன். சபையே வாயப் பொளந்துச்சு.

கப்பலை நான் கண்ணால கண்டதில்லை. மதுரையில பழைய சாமான் கடையில வாங்குனது. ஜப்பான் காருதுங்கிறது மட்டும் நெசம்.

மெக்கானிக் செல்லையா அப்பவே சொன்னான்: “அண்ணாச்சி, இது பெட்ரோலை ஓங்கித் தள்ளும். இந்தப் பழைய கார்புரேட்டர் தாங்காது. பொங்கி வழிஞ்சு எஞ்சின் சூட்டுல பட்டா தீதான்.”

“ஏலே, ஜப்பான்காரனைவிட நீ பெரிய இவனா? மாட்டுலே!”

பத்து நாள் கழிச்சு நீ வந்து நின்ன. “மாமா, வண்டியில பெட்ரோல் வாடை அடிக்குது.”

“அது ஜப்பான் வாடை மாப்ள.”

நீயும் சிரிச்சுட்டுப் போன. கழட்டி எறிஞ்சிருக்கக் கூடாதா? செல்லையாவும் அதத்தான் கேட்டானாம். “சபையில மாமா வச்ச சீரை எப்பிடிண்ணே கழட்டுறது?”ன்னியாமே.

பந்தல்குடி தாண்டி, ஆளில்லாத ரோட்டுல காரு எரிஞ்சுச்சு, உன்னையும் சேத்து. எல்லாரும் உன்னைப் பார்த்துக் கதறுனாக. நான் கருகுன பம்பைத் தேடி எடுத்துத் துண்டுல சுத்தி மறைச்சேன். பீடிக் கதை அதுக்கப்புறந்தான்.

இதை ஊரே படிக்கட்டும். ஆனா உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கூடப்பிறந்த அக்கா, என் பேச்சை மட்டும் நம்புறவ. வர்ற உன் திதியன்னிக்கு அந்தப் பம்பை அதே தாம்பாளத்துல வச்சு, மேளமில்லாம எடுத்துட்டுப் போறேன். அக்கா முன்னால, உன் மக முன்னால எறக்கி வச்சு நடந்ததைச் சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன் மாப்ள.

உனக்குச் சீர் செஞ்ச
உன் தாய்மாமன்