ஒரே மாதிரி இரண்டு

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தண்ணீர் லாரி வரவில்லை. இந்த ராஜகீழ்ப்பாக்கம் வாடகை வீட்டின் மாடிப்படியில் அம்மா நின்று நின்று ஏறுகிறாள். முழங்கால். பெருங்களத்தூரில் எங்கள் பழைய வீட்டை இடித்த இடம் இன்னும் அஸ்திவாரக் குழியாகத்தான் கிடக்கிறது. தரைத்தளம் எங்களுக்கு என்று பில்டர் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் ஏறுகிறாள்.

வாங்க: தைலம், சோப்பு, கேமராவுக்கு பேட்டரி.

நவம்பர் 13, புதன்

வேலை பார்க்கும் பழங்காசுக் கடையில் நாலு சோழர் காசுகளைப் படம் எடுத்து விவரம் எழுதி முடிப்பதற்குள் அப்பாவின் போன். குழியில் ஏதோ கிடைத்திருக்கிறது, உடனே வா.

ரயிலில் நின்றுகொண்டே போனேன். முழங்கால் வரை சேறு. சித்தாள் மாரி அக்கா அள்ளிய மண்ணில் ஒரு களிமண் கட்டி உடைந்து, உள்ளே ஐந்து தங்கக் காசுகள். துவரம்பருப்பு அளவு.

"கம்மல் திருகாணின்னு நெனச்சேன். தொடச்சுப் பாத்தா பொம்மை கீது."

பணம். இந்தப் பொடிக் காசுக்கு அந்தக் காலத்தில் பெயரே அதுதான். சொல் பெருத்துவிட்டது, காசு அப்படியே.

பில்டர் செல்வத்துக்கு முகமே சரியில்லை. மண்ணில் கிடைத்த பழைய தங்கம் என்றால் அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை தோண்டக் கூடாது. எவ்வளவு நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

"மேடம், நீங்க காசு வேலைதான பாக்குறீங்க? புதுசு, டூப்ளிகேட்டுனு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே கம்பி கட்ட ஆரம்பிச்சிடுறேன்."

அப்பா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நின்றால் தன் பாடு பேஜார் என்று மாரி அக்கா பொதுவாகச் சொன்னாள்.

கடைக்கு வருகிறவர்களிடம் போலி என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இன்று எல்லோருக்கும் போலிதான் வேண்டும். எனக்கும்.

நவம்பர் 14, வியாழன்

லீவு. மழை விட்டிருந்தது. ஜன்னலோரம், நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்த ஐந்து காசுகள், வெள்ளைத் தாள், லென்ஸ், கடையிலிருந்து கடன் வாங்கிய சின்னத் தராசு.

எடை: ஒவ்வொன்றும் அரை கிராமுக்குக் கீழ். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தங்கத்திலேயே போலி செய்கிறார்கள்.
விளிம்பு: வார்ப்பின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு இல்லை.
மேல்பக்கம்: காற்றுக் குமிழி விட்ட பள்ளம் இல்லை.

மிச்சம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் அடிக்கிற அச்சு பெரிது, காசு சிறிது. அடிக்கு அடி உருவத்தின் வேறொரு துண்டுதான் காசில் விழும். வார்த்து எடுத்த போலிகளோ கீறல் வரைக்கும் ஒன்று போல் இருக்கும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் போதும். ஐந்தையும் இடம் மாற்றி, திருப்பி, மறுபடி மாற்றி. இவ்வளவு ஆசையோடு நான் எதையும் தேடியதில்லை.

ஒன்றில் தலை இல்லை. ஒன்றில் கால் மட்டும். ஒன்றில் வெறும் புள்ளிகளும் ஒரு தோளும். மற்ற இரண்டில் உருவம் முக்கால்வாசி இருக்கிறது, ஒன்றில் இடப்பக்கம், ஒன்றில் வலப்பக்கம்.

கண் எரிகிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூடவாம்மா போலி இல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன். அம்மா சமையலறையிலிருந்தே, வாடகை அக்ரிமென்ட் எப்போது முடிகிறது என்று கேட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடி மழை. நான் எழுவதற்குள் அப்பா இஸ்திரி சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தாலுகா அலுவலகத்தில் ஈரக் குடைகள், நீண்ட வரிசை. மேசையில் இருந்தவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே சொன்னார்: "போலியா இருந்தா சொல்லிடும்மா. எங்களுக்கும் வேலை மிச்சம்."

அப்பா சிரித்துவிட்டார். "நாங்களும் அதத்தான் சார் வேண்டிக்கிட்டிருந்தோம்."

அவரும் சிரித்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளினார், விவரம் எழுத.

"அஞ்சும் ஒரே காசுதானே? ஒண்ணுக்கு எழுதிட்டு, கீழ டிட்டோ போட்டுடு."

"போட முடியாது சார். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

ஐந்தையும் தனித்தனியாக எழுதினேன். பின்பக்கமும் நிரம்பியது. கையெழுத்துப் போட்டேன். அப்பா வாசலுக்குப் போய் செல்வத்துக்குப் போன் செய்தார்.