ப்ராக்ஸி சுற்றுலா போய்விட்டது

ஆஷ்லின் அப்பாவுக்கு,

ஆஷ்லினை இரண்டு நாள் பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் அப்படியே பாடம் எடுக்க என் ஸ்கூலுக்குப் போகிறேன். மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. உங்கள் சர்வர் கம்ப்யூட்டருக்காக மறுபடியும் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

எந்தக் கம்பெனி தயவும் வேண்டாமென்று வீட்டிலேயே ஒரு சோஷியல் மீடியா நடத்துகிறீர்கள். அதில் இருப்பது நீங்களும் உங்கள் தம்பியும்தான். அது படுத்துவிட்டது என்று என் தங்கை மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குக்கூட நீங்கள் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பேச்சையே நிறுத்திவிட்டீர்கள். உலகத்துச் சர்வரோடெல்லாம் உங்கள் சர்வர் பேசுமாம். நீங்கள் பெண்டாட்டியோடு பேச மாட்டீர்கள்.

யாரும் சர்வரிடம் நேராகப் போக முடியாது, ப்ராக்ஸி என்று ஒன்று முன்னால் நின்று கேட்டு வாங்கி உள்ளே கொடுக்கும் என்று நேற்று ஆஷ்லினுக்குப் பெருமையாக விளக்கினீர்கள். "தெரியும்ப்பா. காப்பி வேணும்னு அம்மாட்ட சொல்லு, பால் இல்லைன்னு அப்பாட்ட சொல்லுன்னு ஒரு வாரமா நான் அந்த வேலையத்தானே பாக்குறேன்" என்றாள். உங்களுக்குத்தான் உறைக்கவில்லை.

பெர்சி

பி.கு.: என் சாவியை ஆணியிலேயே விட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து மணி அடிப்பேன். நீங்கள்தான் எழுந்து வந்து திறக்க வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை.