மீனை நிறுத்திய ஞாயிறு

மார்ச் 4, செவ்வாய்

முதுகு வலி போகவில்லை. நல்ல நாற்காலி வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன மாதம் வந்ததோ நாற்காலி இல்லை, கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. அதில் நாள் முழுக்க ஓடுவது நான் எழுதிய பக்கம். எங்கள் தீவு விளையாட்டில் இந்த நொடி யார் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று புள்ளி புள்ளியாகக் காட்டும். யார் வந்தாலும் முதலாளி கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறார். ஆபீசில் பாதிப் பேர் தங்கள் திரையிலும் திறந்து வைத்திருக்கிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போகிறது, பொய் சொல்வானேன்.

புகார்களுக்குப் பதில் எழுதும் பெண் காலையிலேயே வந்து நின்றாள். "அக்கா, இன்னைக்கும் செம திட்டு. ஓடிட்டு இருக்கிறவங்களுக்குக் கால் அப்படியே நின்னுடுதாம். அப்புறம் பத்தடி பின்னால போய் நிக்கறாங்களாம்."

ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், ஒரு நொடிக்குள் இருபது தடவை ஆடுகிற எல்லோரையும் சுற்றி வரவேண்டும். நீ என்ன செய்தாய், நீ எங்கே போனாய் என்று கேட்டு எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒரு சுற்று இழுத்துக்கொண்டால் தீவில் அத்தனை பேரும் சிலை. கிராஃபில் கோடு முள் மாதிரி எழும்பும். அந்த முள்ளைத்தான் ஸ்பைக் என்கிறோம். அது எதனால் என்று கண்டுபிடிப்பது என் பாடு.

மார்ச் 5, புதன்

கூட்டம். போன மாதம் தீவின் குளத்தில் மீன்பிடிப் போட்டி வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்று முதலாளி ஆரம்பித்தார். போட்டி நடப்பது பகலில், ஸ்பைக் வருவதும் பகலில். ஆட வருகிறவர்கள் இரண்டு மடங்காகும் மாலையிலோ சர்வர் சமர்த்தாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

போட்டியை எழுதியவரை ஆபீசில் இப்போது மீன்காரர் என்றே கூப்பிடுகிறோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பழைய கம்பெனி மூடிய பிறகு நெடுநாள் வேலையில்லாமல் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கோளாறு ஏதும் வந்தால் தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே போட்டியைப் பகலில் வைத்தார். அதுவே இப்போது அவருக்கு வினையாக வந்து நிற்கிறது.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "மீனாத்தான் இருக்கும் சார்" என்றேன். வாயில் வந்துவிட்டது. மீன்காரர் கோபப்படவில்லை. "அளந்து பாத்துட்டு சொல்லும்மா. நானும் பாக்கறேன்" என்றார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருந்தா என்ன பண்ணுவ?" என்கிறார். உங்களுக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று படை திரட்டினேன். எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைத் திறந்து வையுங்கள், ஸ்பைக் வரும் நொடியில் தீவில் எங்கே கூட்டம் என்று கத்துங்கள் என்று உத்தரவு. ஒவ்வொரு மேசையிலும் புள்ளிகள், சுவரில் டிவி. சொல்லி வைத்தாற்போல ஸ்பைக் மேல் ஸ்பைக். "குளம்! குளத்துல கூட்டம்!" என்று யாராவது கத்திக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு மோசமாக இதுவரை இருந்ததே இல்லை.

மீன்காரரும் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தான் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்து, திரும்ப மேலே போய்… பாவமாக இருந்தது. ஆனால் அளவு அளவுதானே?

மார்ச் 9, ஞாயிறு

ஆடுகிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று ஆபீஸ் இல்லாத நாளாகப் பார்த்து, மீன்பிடிப் போட்டியை நாள் முழுக்க நிறுத்தி வைத்தேன். நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் வந்து சர்வரின் பதிவைப் பார்த்தேன். ஒரு முள் கூட இல்லை. கோடு தரையில் படுத்துக் கிடந்தது.

முடிந்தது. அறிக்கை அனுப்பிவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

மார்ச் 10, திங்கள்

என்ன நாள் இது.

காலையில் முதலாளி அறிக்கையைக் கூடத்தில் எல்லோர் எதிரிலும் படித்தார். போட்டியை நிரந்தரமாக எடுத்துவிடலாம் என்றார். மீன்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு போட்டி இல்லாமல் ஆட்டம் எவ்வளவு சுகமாக ஓடுகிறது பார்ப்போம் என்று எல்லோருமாகப் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம்.

ஸ்பைக். வெள்ளிக்கிழமை வந்ததற்கு ஒரு மாற்றுக் குறையாமல். மீனே இல்லை, ஆனாலும் ஸ்பைக்!

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. என்னிடம் வரவில்லை, நேராக மீன்காரரிடம் போனார். "வேற என்னத்தை எழுதி வெச்சிருக்கீங்க?"

"நான் வேற எதுவும் தொடலை சார்."

"அப்போ பேயா வந்து பண்ணுது?"

நான் அப்போது எழுந்து, சார், என் அளவுதான் தப்பு, என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அறிக்கையின் மை காயவில்லையே, அதனாலா? வாயைத் திறந்தால் என் பெயர் கெடும் என்றா? வாய்க்கொழுப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லாதவள், வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிட்டேன்.

மாலையில் மீன்காரர் பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "நான் நாளையிலேருந்து வரலைம்மா. இருந்தா எல்லாரும் என்னையே பாத்துட்டு இருப்பீங்க. நான் போயிட்டா நிஜமான காரணத்தைத் தேடுவீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அவர் வரவில்லை. கிராஃப் நேற்றைப் போலவே.

மார்ச் 13, வியாழன்

மதியம் தெருவில் பள்ளம் தோண்டுகிறவர்கள் எதையோ வெட்டிவிட்டார்கள். ஆபீசில் இன்டர்நெட் செத்துப் போனது. டிவி கறுப்பு, எங்கள் திரைகளில் வெற்றுப் பக்கம். சர்வர் இருப்பது வேறு ஊரில், அதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் எங்களால் எட்டிப் பார்க்க முடியவில்லை. புகார்ப் பெண் நகத்தைக் கடித்தாள். "என்ன ஆகுதோ தெரியலையே அக்கா. நெட் வரும்போது திட்டு மலையாக் குவிஞ்சிருக்கும்."

போகிற நேரத்துக்குத்தான் நெட் வந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு புகாரும் இல்லை. சர்வரின் பதிவைத் திறந்தேன். நெட் போன நொடியிலிருந்து கோடு படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையைப் போலவே.

முந்தின ஞாயிற்றுப் பதிவையும் எடுத்தேன். அன்று மீன் இருந்தது. போட்டி இருந்தது. குளத்தில் கூட்டம் இருந்தது. ஸ்பைக் இல்லை! இதை ஏன் முதலிலேயே எடுத்துப் பார்க்கவில்லை நான்? மீனை நிறுத்திய ஞாயிறு, நிறுத்தாத ஞாயிறு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சின்னக் குழந்தைக்குத் தெரியும்.

நாங்கள் பார்க்காத நேரமெல்லாம் நன்றாக ஓடியிருக்கிறது.

நாளை எல்லாத் திரையையும் மூடிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

எல்லோரையும் பக்கத்தை மூடச் சொன்னேன். டிவியையும் அணைத்தேன். கோடு படுத்தது. பிறகு ஒவ்வொருவராகத் திறக்கச் சொன்னேன். ஒருவர் திறந்தார், சின்ன மேடு. இன்னொருவர், மேடு வளர்ந்தது. பாதிப் பேர் திறப்பதற்குள் முள் வந்துவிட்டது.

என் பக்கம்தான். திறந்திருக்கிற ஒவ்வொரு பக்கமும் நொடிக்கொரு தரம் சர்வரின் சட்டையைப் பிடித்து, எல்லோரும் எங்கே, எல்லோரும் எங்கே என்று கேட்கிறது. பதில் சொல்லி முடிக்கும்வரை சர்வர் ஆட்டத்தை விட்டுவிடுகிறது. நான் ஒருத்தி பார்ப்பதற்காக எழுதியதை ஊரே பார்க்கத் தொடங்கினால் வேறென்ன ஆகும்? மாலையில் டிவியை அணைத்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போனதும் அதற்கு விடுதலை. பயம் கூடக் கூட அதிகம் பேர் பார்த்தோம், பார்க்கப் பார்க்க அதிகம் திணறியது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

முதலாளியிடம் எல்லோர் எதிரிலும் சொன்னேன். திங்கட்கிழமை மீன்காரரைக் கேட்டதும் எல்லோர் எதிரிலும்தானே. முதலாளி அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துவிட்டு, "அவருக்கு நான் ஃபோன் பண்றேன்" என்றார். நான் முதலில் பண்ணிக்கொள்கிறேன் என்றேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். தயார் பண்ணி வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோனது. நடந்ததைத்தான் சொல்ல முடிந்தது. முழுக்கக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ மீன்ல ஒண்ணும் தப்பில்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஒண்ணுமே இல்லை."

பிறகு ஃபோனை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துச் சொல்வது கேட்டது: "ஏம்மா, கேட்டியா? மீன் மேல தப்பு இல்லையாம்!"

படியில் உட்கார்ந்து அழுதேன். யார் வந்தார்கள் போனார்கள் தெரியாது.

மார்ச் 15, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பனம்பழக் கதையைச் சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மனுஷன் நல்லவர்.

மார்ச் 18, செவ்வாய்

மீன்காரர் நேற்றே வந்துவிட்டார். இன்று போட்டியைத் திரும்பத் திறந்தோம். குளம் நிரம்பி வழிகிறதாம். புகார்ப் பெண் சொல்லித்தான் தெரியும், எங்கள் திரையில் எதுவும் ஓடவில்லை.

முதலாளி வந்தார். என் பக்கத்தைச் சுட்டி, "அந்தச் சனியனைச் சுத்தமாத் தூக்கிடுங்க" என்றார். போன வாரம் மீனைச் சொன்ன அதே குரல். சரி சார் என்றேன். எதிர்த்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை? அழிப்பதற்குக் கோப்பைத் திறந்துவிட்டேன்.

"எதுக்கு சார் தூக்கணும்?" என்று பின்னாலிருந்து குரல். மீன்காரர்தான். "நல்லாத்தானே எழுதியிருக்கு பொண்ணு. எல்லாத் திரையும் தனித்தனியாக் கேக்குது, அவ்வளவுதானே? ஒரே ஒரு தடவை கேட்டு வெச்சுக்கிட்டு, அதையே எல்லாருக்கும் காட்டினாப் போதும். ரெண்டு நாள் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

முதலாளி ஏதோ முனகிக்கொண்டு போய்விட்டார். மீன்காரர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "எங்கம்மா கேக்குது அது? காட்டு" என்றார்.

எனக்குத் திரையில் எழுத்து தெரியவில்லை. கொஞ்சம் இருங்கண்ணே என்று போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் அதற்குள் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார்.