ஓய்வுநாளில் போட்ட முடிச்சு

பாலக்லாவா, மெல்போர்ன்
வியாழக்கிழமை

அன்பு மகன் நஃப்தாலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உன் அப்பாவின் நினைவு நாளன்று ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ரப்பி, ரொட்டிக்கடை ஃபைவெல், அவன் மருமகன்கள் இரண்டு பேர், பல் டாக்டர் ஹொரோவிட்ஸ், காது கேட்காத லைசர், அவன் தம்பி கோப்பெல், கறிக்கடை மென்டெல், என் தம்பி ஸெலிக், பத்தாவதாக நீ. திரைக்குப் பின்னால் நான். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி, ஆனால் ஞாபகம் இல்லை என்ற பேச்சு என்னிடம் கிடையாது. அதனால்தான் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோர்ட்டில் அந்த முடிச்சைப் பற்றிக் கேட்டால் சரியாக ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று என்னையே கேட்கிறாயே.

நான் ஞாபகப்படுத்துகிறேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ ஜெபத்துக்கு நடந்து போகும்போது ஸெலிக்கின் மருமகன் மோட்டி வீட்டு வாசலில் கார் இல்லை. ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று அவன் பறந்து வந்து, டிராம் நிறுத்தத்துக்கு எதிரே துணி தைக்கிற லானை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான். மறுநாள் காலை அதே வாசலில் கார் நிற்கிறது, மேலே தார்ப்பாய், சுற்றிலும் கயிறு, இரட்டை முடிச்சு. ஓய்வுநாளில் முடிச்சுப் போடுவதே பாவம், நம் தெருவில் அப்படி ஒன்றைப் போட எவனுக்கு மனசு வரும்? அதைவிடப் பெரிய பாவத்தை மறைக்கிறவனுக்குத்தான் வரும். வேறு எந்தப் போலீஸ்காரன் பார்த்தாலும் அது வெறும் கயிறு. நீ பார்த்தாய், ஃபோனைத் தொடாமல், ஜெபச் சால்வையைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்ச் சொன்னாய். சொந்தக்காரன் என்பதால் வழக்கை வேறு ஆளிடம் கொடுத்தார்கள், நீ வெறும் சாட்சி. அதற்கே நம் ஆட்கள் நம்ம வேதத்தை வச்சே நம்ம பையனுக்கு விலங்கு மாட்டிட்டான் என்று பேசினார்கள். அப்புறம்தான் நினைவு நாள். நீ அப்பாவுக்காகக் கதீஷ் ஜெபம் சொல்ல எழுந்ததும் ஸெலிக் புத்தகத்தை மூடி, காட்டிக்கொடுத்தவன் வாயால அத்தானுக்கு ஜெபம் வேண்டாம் என்று வெளியே போனான். மிச்சம் ஒன்பது பேர். பத்து ஆண்கள் இல்லாமல் கதீஷ் கிடையாது. திறந்த வாயை நீ அப்படியே மூடிக்கொண்டாய். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு மில்டுராவுக்குப் போய்விட்டாய், பத்து யூதன் அல்ல, இரண்டு யூதன்கூட இல்லாத ஊருக்கு.

ஸ்டேஷனில் ரப்பி என்று கூப்பிட்டார்கள், ஜெபக்கூடத்தில் போலீஸ் என்று கூப்பிட்டார்கள், இதில் நான் யாரம்மா, இப்போது குல்லாவைக்கூடக் கழற்றிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முடிச்சைக் கண்டது யூதன், ஸ்டேஷனுக்கு நடந்தது போலீஸ் என்று பிரிக்காதே. சால்வையோடு நடந்தவன் ஒருத்தன்தான், அவனை நான்தான் பெற்றேன், எனக்குத் தெரியாதா? குல்லாவை எடுத்துப் போடு. அதோடுதான் கூண்டில் ஏற வேண்டும்.

இன்று காலை ஸெலிக் மூன்றாவது தடவையாக வந்தான். யோம் கிப்பூர் பாவமன்னிப்பு நோன்புக்கு முன்னால் மூன்று முறை கேட்டும் மன்னிக்காவிட்டால் பாவம் மன்னிக்காதவர் தலைக்கு மாறிவிடும் என்ற கணக்குத்தான். சாட்சிக்கு ஃபைவெல், மென்டெல், கோப்பெல் மூவரையும் கூட்டிக்கொண்டு, கையில் தேன் கேக்கோடு வாசலில் நின்றான். அக்கா, என்னை மன்னிச்சிடு என்றான். நான் கதவில் கை வைத்து நின்றேன். பையன் மட்டும் அந்த முடிச்சை மறந்துட்டான்னா வர்ற வருஷம் அத்தான் நினைவு நாளுக்குப் பத்துப் பேர் என்ன, நூறு பேரைக் கொண்டாந்து நிறுத்தறேன் என்றான். ஏண்டா, மன்னிப்புக் கேக்க வந்தியா, மாடு பிடிக்க வந்தியா என்று கேட்டேன். மென்டெல் சிரித்துவிட்டான். ஸெலிக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று, மூணு தடவை ஆச்சுக்கா, இனி பாவம் உன் தலையில என்றான். தாராளமாக வை, எழுபத்தெட்டு வருஷம் சுமந்த தலை, இதையும் சுமக்கும், நீ போய் நஃப்தாலி காலடியில் கேள், அந்தப் பத்துப் பேர் முன்னால் கேள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கேக்கை வாங்கவில்லை.

மத்தியானம் லானைப் பார்க்கப் போனேன். தையல் மிதியை அழுத்த இடது கால் இல்லை, கையால் தைக்கிறாள். அம்மா, உங்க பையன் கோர்ட்டுக்கு வருவான்ல என்று கேட்டாள். வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான். இனி நீ வந்தே ஆக வேண்டும்.

நல்லபடியாக நோன்பு இரு, அன்றைக்கு டியூட்டி போடாதே. கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள், பழுப்பு வேண்டாம். கடவுள் உன் பெயரை நல்ல வருஷத்தின் ஏட்டில் எழுதட்டும், உன் வாயில் உண்மையை வைக்கட்டும்.

உன் அம்மா
கித்தெல்

பி.கு.: பண்டிகைக்கு முன் எல்லோரையும் மன்னித்து முடித்துவிட்டேன். பேசாமல் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரையும் செவ்வாய்க்கிழமை மன்னித்தேன். மோட்டி உண்மையைச் சொன்னால் அவனையும் மன்னிப்பேன், பயந்த கழுதை. மிச்சம் ஒரே ஒருத்தன். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த ஸெலிக்.