ஐம்பது மீற்றர்க் கயிறு

2019 ஜூன் 14, வெள்ளி

நுவரெலியா விடுதியின் முகாமையாளர் பதில் அனுப்பியிருக்கிறார். வெந்நீர் நீச்சல் தடாகம் தங்கும் விருந்தினர்களுக்கு மட்டுமே உரியதாம். இரண்டே வரிகள். நான் கேட்டது வாரத்தில் ஒரு நாள், விருந்தினர்கள் கண்விழிக்கும் முன் ஒரு மணி நேரம். ஒரு சிறுமி நீந்திச் சென்றால் தண்ணீர் தேய்ந்துவிடுமா?

மகள் டிலுக்ஷிக்குப் பதின்மூன்று வயது. சென்ற மாதம் கண்டியில் நடந்த மாகாணப் பாடசாலைப் போட்டியில் நானூறு மீற்றர் பிரீஸ்டைலில் முதலிடம் பெற்றாள். பரிசளித்த அதிகாரி என்னிடம் கேட்டார்: “மஸ்கெலியாவிலா பயிற்சி? அங்கே தடாகம் ஏது?” இல்லை, ஆகவே நீர்த்தேக்கத்தில் நீந்துகிறாள் என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்த விதத்தை மறக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

இவள் ஒரு நாள் இந்த நாட்டின் சார்பில் நீந்துவாள். இது என் ஆசையன்று, என் கணிப்பு. முப்பது வருடமாகக் கணிதம் கற்பிப்பவன் ஆசையையும் கணிப்பையும் குழப்பிக்கொள்வதில்லை.

2019 ஜூன் 22, சனி

பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பின், சிமெந்துத் தரையில் உருக்கு நாடாவை விரித்து நைலோன் கயிற்றை அளந்தேன். சரியாக ஐம்பது மீற்றர். இரு முனைகளிலும் சிவப்புத் துணி கட்டினேன். நீர்த்தேக்கத்தின் சிறு குடாவில் கரைப்பக்கம் ஓர் இரும்பு முளை. மறுபக்கம் கல் மூட்டையை நங்கூரமாகக் கட்டிய நீலப் பீப்பாய். இரண்டுக்கும் இடையில் கயிறு. எட்டு முறை நீந்தினால் நானூறு.

எனக்கு நீந்தத் தெரியாது. தெப்பத்தில் போய் மூட்டையை இறக்கியவர் மாயாண்டி. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, இப்போது அங்கே மீன் பிடிக்கிறார். கயிறு தொய்ந்தால் இழுத்துக் கட்டும்படி அவரிடம் சொல்லி வைத்தேன்.

பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்: “என்னா சேர், பாப்பாவுக்குச் செதில் மொளைச்சிருச்சா?” மற்றவர்கள் சிரித்தார்கள். டிலுக்ஷியும் சிரித்தாள்.

2020 மார்ச் 21, சனி

ஊரடங்கு. போட்டிகள் யாவும் ஒத்திவைப்பு. நீர்த்தேக்கத்துக்கு மட்டும் ஒத்திவைப்பு இல்லை.

2021 பெப்ரவரி 7, ஞாயிறு

நான்கு நிமிடம் ஐம்பத்தைந்து செக்கன். சென்ற ஆகஸ்டிலும் ஐம்பத்தைந்து. அவள் ஓரங்குலம் வளர்ந்திருக்கிறாள், தோள் அகன்றிருக்கிறது, நேரம் மட்டும் அசையவில்லை. தடாகச் சுவர் இல்லாமல் பீப்பாயைத் தொட்டுத் திரும்புவதற்கு ஆகும் இழப்பைக்கூட நான் ஏற்கெனவே கழித்துத்தான் எழுதுகிறேன்.

கரையேறி, உதடு நீலம் பாரித்து, “இன்னைக்குத் தூரம் கூடுன மாதிரி இருக்குப்பா” என்றாள்.

சாக்கு. தூரம் கூடாது, முயற்சிதான் குறையும் என்றேன். அவள் துவாலையைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனாள்.

2021 செப்டம்பர் 19, ஞாயிறு

4:54.

மாயாண்டி மட்டும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறார். பதினைந்து நாளுக்கொரு முறை தெப்பத்தில் போய், கல் மூட்டையை நகர்த்தி, கயிற்றை வீணைத் தந்தி போல ஆக்கிவிடுகிறார். “தொய்ஞ்சா பாப்பா கையில மாட்டிக்கும் சேர்.” இந்த நாட்டில் கடமை தெரிந்த ஒரே மனிதர்.

2022 ஒக்டோபர் 11, செவ்வாய்

தேசியத் தெரிவுப் போட்டிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். இரண்டரை வருடங்களாகப் போட்டி எதுவும் இல்லாததால், பயிற்சி நேரத்தைப் பாடசாலை உறுதிப்படுத்தி அனுப்பினால் போதுமாம். பெண்கள் நானூறு மீற்றருக்கு எல்லை 4:45. அதற்கு மேற்பட்டவர்களுக்கு அழைப்பு இல்லை.

விளையாட்டுத்துறை உத்தியோகத்தர் லக்ஸ்மன் படிவத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரல்லர். “சேர், நாலு ஐம்பத்திமூண்டு எண்டு போட்டா கூப்பிடமாட்டினம். ஒரு பத்துச் செக்கனைக் குறைச்சுப் போடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை.”

பொய் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு கணித ஆசிரியரின் கையெழுத்து எதற்கு என்று கேட்டேன்.

“நீங்கள் இப்பிடியே இருங்கோ சேர். பிள்ளை என்ன செய்யிறது?”

4:53 என்று எழுதி, அடியில் கையொப்பமிட்டேன்.

2022 நவம்பர் 3, வியாழன்

அழைப்பு வரவில்லை.

நீச்சல் சங்கத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். மலைநாட்டில் ஒரு பொதுத் தடாகமேனும் கட்டாதவர்கள், தடாகத்தில் பயின்றவர்களுக்கும் பதினெட்டுப் பாகைக் குளிர்நீரில் பயின்றவளுக்கும் ஒரே எல்லையை விதிப்பது எந்த நீதி? ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதினேன். அதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

படியை டிலுக்ஷியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

“இதுல என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையேப்பா.”

சிசிலி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “ஏங்க, புள்ளை ராத்திரியிலருந்து சாப்பிடல. அவுங்களுக்குக் கடுதாசி எழுதுறீங்க, இவகிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்களா?”

நான் பேசத்தான் செய்தேன். இன்னும் எட்டுச் செக்கன் குறைத்திருந்தால் எவரிடமும் கையேந்தியிருக்க வேண்டியதில்லை என்றேன். அது உண்மைதானே?

2023 ஜூலை 9, ஞாயிறு

ஓ.எல். பரீட்சை முடிந்தது. டிலுக்ஷி கொழும்புக்குப் போகிறாள். சிசிலியின் தங்கை வீட்டில் தங்கி, அங்கே ஒரு கழகத்தில் மேர்வின் என்ற பயிற்றுநரிடம் சேரப்போகிறாளாம். தாயும் மகளும் முடிவு செய்துவிட்டு எனக்கு அறிவித்தார்கள். ஹற்றன் நிலையத்தில் ரயில் ஏறும்போது, “போயிட்டு வாரேன்பா” என்றாள். நிறுத்தற் கடிகாரத்தை நீட்டினேன். “அங்க இருக்கும்” என்றாள்.

2023 ஜூலை 18, செவ்வாய்

4:41.

கொழும்புத் தடாகத்தில் அவளுடைய நேரமாம். ஒன்பது நாளில் பன்னிரண்டு செக்கன்! நான்கு வருடம் பனியிலும் மழையிலும் கரையில் நின்று என்னால் குறைக்க முடியாததை, ஒருவர் ஒன்பது நாளில் குறைத்துவிட்டாராம். எந்தக் கணிதத்தில் இது வரும்? ஒன்று அவருடைய கடிகாரம் பிழை, அல்லது இவள் என்னிடம் வேண்டுமென்றே மெதுவாக நீந்தினாள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியாது.

மேர்வினை அழைத்துக் கேட்டேன். பொறுமையாகத்தான் பேசினார். “சேர், நான் ஒண்ணும் பெருசா செய்யல்ல. புள்ள வரும்போதே அந்த ஸ்பீட்லதான் வந்தா. என்ன மெதட்ல ட்ரெயின் பண்ணீங்கன்னு நான்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்.”

கேலி செய்கிறார். அழைப்பைத் துண்டித்தேன்.

2024 மார்ச் 17, ஞாயிறு

கடும் வரட்சி. மின்சாரத்துக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குடா வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மீன் இல்லாததால் மாயாண்டிக்கும் வேலையில்லை. கயிற்றை எடுத்து வைப்போம் என்று இருவருமாகப் போனோம்.

இரும்பு முளை நட்ட இடத்தில் இருந்தது. பீப்பாய் கல் மூட்டையோடு சேற்றில் சாய்ந்திருந்தது. கயிறு இடையில் நேர்கோடாகக் கிடந்தது. ஏன் அளக்கத் தோன்றியது என்று தெரியவில்லை. நாடா பையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு மீற்றர் அறுபது சதமமீற்றர்.

மீண்டும் அளந்தேன். மாயாண்டியை மறுமுனை பிடிக்கச் சொல்லி மூன்றாம் முறையும் அளந்தேன். நனைந்த நைலோன் நீளும். நீண்டால் தொய்யும். தொய்ந்தால் அவர் கல் மூட்டையை இன்னும் தள்ளி வைத்து இழுத்துக் கட்டுவார். நான்கு வருடம், பதினைந்து நாளுக்கொரு முறை, ஒரு விரல் அகலம், இரு விரல் அகலம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “என்னா சேர், ஏதும் தப்பாகிருச்சா? தொய்ஞ்சா இழுத்துக் கட்டச் சொன்னது நீங்கதானே.”

ஆம். நான்தான் சொன்னேன்.

2024 மார்ச் 18, திங்கள்

பாடசாலைக்கு விடுப்பு.

அந்த ஒக்டோபரில் கயிறு ஐம்பத்திரண்டு மீற்றர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், எட்டுத் தடவைக்கு நானூற்றுப் பதினாறு. 293 செக்கனை 416 ஆல் வகுத்து, 400 ஆல் பெருக்க, 281.7. நான்கு நிமிடம் நாற்பத்தொன்று தசம் ஏழு. எல்லை 4:45.

அவள் தகுதி பெற்றிருந்தாள். லக்ஸ்மன் எழுதச் சொன்ன பொய் 4:43. நான் கையொப்பமிட்ட உண்மையைவிட அந்தப் பொய் உண்மைக்கு அருகில் இருந்தது.

அவள் ஒவ்வொரு மாதமும் வேகமாகிக்கொண்டுதான் வந்தாள். கயிறும் அவளோடு சேர்ந்து நீண்டுகொண்டே போனது. நேரம் அசையவில்லை என்று நான் அவளை ஏசினேன். விடையைச் சரிபார்க்காத மாணவனுக்கு முப்பத்தைந்து வருடமாகப் புள்ளி குறைத்து வருகிறேன். ஒரு கயிற்றை ஒரு தடவை அளந்துவிட்டு நான்கு வருடம் நம்பியிருக்கிறேன்.

இந்தக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். 2021 பெப்ரவரி 7. ‘இன்னைக்குத் தூரம் கூடுன மாதிரி இருக்குப்பா.’ அதற்கு அடுத்த வரியில், என் கையெழுத்தில், முற்றுப்புள்ளியோடு: ‘சாக்கு.’

என்ன மனிதன் நான்—

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருடத்துக்கு வந்து போனாள். கயிற்றைப் பற்றி நான் சொல்லவில்லை.

2024 டிசம்பர் 25, புதன்

பூசைக்கு ஒன்றாகப் போனோம். சொல்லவில்லை.

2025 ஆகஸ்ட் 22, வெள்ளி

பாங்கொக்கில் சர்வதேசப் போட்டி. பாடசாலை அலுவலக அறையில் கணினியின் முன்னால் நானும் நான்கு ஆசிரியர்களும். ஐந்தாம் பாதையில் நாட்டின் தொப்பியோடு என் மகள். தகுதிகாண் சுற்றில் தன் பிரிவில் ஆறாவது. இறுதிச் சுற்றுக்கு அது போதவில்லை. 4:33.9. அவளுடைய மிகச் சிறந்த நேரம். சக ஆசிரியர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “ஒங்க உழைப்பு சேர்” என்றார் ஒருவர். அறையைவிட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் சிறிது நேரம் நின்றேன்.

மாலையில் ஒரு செய்தித் தளம் ‘தலைநகர்த் தடாகத்தில் உருவான தாரகை’ என்று எழுதியிருந்தது. மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில், அவள் உருவான இடம் மஸ்கெலியா என்று எழுதினேன். இரண்டாவது வரியில் தூரத்தைக் குறிப்பிட வேண்டியிருந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

2025 செப்டம்பர் 6, சனி

டிலுக்ஷி வீட்டில் இருக்கிறாள். தேநீருக்குப் பிறகு சொன்னேன். எல்லாவற்றையும்: கயிறு, 52.6, படிவம், 4:41.7. எழுதி வைத்த தாளையும் கொடுத்தேன். எழுதாமல் சொன்னால் நான் தடுமாறிவிடுவேன்.

தாளை வாசிக்காமல் மடித்தாள்.

“தெரியும்பா.”

எப்படி என்று கேட்டேன்.

“கொழும்புல மொத நாளே தெரிஞ்சிருச்சு. சுவரு சீக்கிரமே வந்துருச்சு. தலையில இடிச்சுக்கிட்டேன்.” சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “அதுக்கு முந்தியும் தெரியும். சொன்னேன்ல.”

பிறகு ஏன் மறுபடி சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

“ரெண்டாந்தரம் சொல்லியிருந்தா ரெண்டாந்தரமும் சாக்குன்னு சொல்லியிருப்பீங்க.”

சிசிலி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேனா? சொன்னதாக நினைக்கிறேன். குரல் வந்ததா என்பது தெரியாது.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு

நீர்த்தேக்கம் நிறைந்திருக்கிறது. போகும் முன் ஒரு தடவை இங்கே நீந்த வேண்டும் என்றாள். மாயாண்டி புதுக் கயிற்றோடு வந்தார். பெரட்டுக் களத்தில் நான் பையைத் திறந்து நாடாவை எடுத்தேன்.

“குடுங்கப்பா, நான் அளக்குறேன்.”

கொடுத்தேன். ஒரு முனையை நான் பிடிப்பேன் என்று கை நீட்டினேன். அவள் அதை மாயாண்டியிடம் கொடுத்தாள். “தாத்தா, இறுக்கிப் புடிங்க.” அவர் என்னைப் பார்த்தார். பிடியுங்கள் என்று தலையசைத்தேன். இருவரும் களத்தின் இரு பக்கமும் குந்தியிருந்து, ஒரு முறை அளந்தார்கள். பிறகு கயிற்றை வாளித் தண்ணீரில் நனைத்து, இழுத்துப் பிடித்து, மறுபடியும் அளந்து, கூடியதை வெட்டினார்கள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

“அம்பது” என்றாள், நாடாவிலிருந்து கண்ணெடுக்காமல்.

குடாவில் அவள் கயிற்றின் நெடுக எட்டு முறை நீந்தினாள். நிறுத்தற் கடிகாரம் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.