பக்கத்துக் கல்லூரியை மட்டும் ஏன் விட்டாய்

அன்பு மகள் கெல்சிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீ வேலைக்குப் போயிருக்கும் அந்த அலாஸ்காத் தீவின் குளிரும் மீன் நாற்றமும் உன்னையும் ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். ஏப்ரல் முழுக்க மழை. ஓடை கரைபுரண்டு ஓடி நம் கீழ்வேலியைச் சாய்த்துவிட்டது, மற்றபடி சேதமில்லை. மலைச்சரிவில் காட்டுப்பூண்டுத் தழை முளைத்துவிட்டது, அப்பா சாக்கு நிறையப் பிடுங்கிவந்து பன்றிக்கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கி ஒரு வாரம் அதையே தின்றார், பக்கத்தில் உட்கார முடியவில்லை, ஞாயிறு ஆராதனை முடிந்து கைகொடுக்க வந்த பாஸ்டர்கூட ஒரு பெஞ்சு தள்ளியே நின்று கையை நீட்டினார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். சொல்ல வந்தது வேறு. போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ கூப்பிட்டு, விண்ணப்பிக்கப்போகும், முழு மருத்துவத்தோடு எலும்பையும் தசையையும் கையால் அழுத்திச் சரிசெய்யவும் சொல்லித்தரும் அந்த ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாயே, அப்போது போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன், அப்பா மேஜைக்கு எதிரில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அரிசோனா என்றாய், மெய்ன் என்றாய், கலிஃபோர்னியா என்றாய், டெக்சாஸில் ஒன்று சொன்னாய். கடைசியில், போதும்மா, என் மார்க்குக்கு இதுவே பேராசை என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்ததும் அப்பா கேட்டார், ஏன் நோரீன், இந்தா கூப்பிடு தூரத்துல பெல்ஃபோர்ட்ல ஒரு காலேஜ் இருக்கே, அதை ஏன் அவ சொல்லவே இல்ல? மறந்திருப்பாள் என்றேன். அவர் விடவில்லை. கெல்சியா மறப்பா, எந்த மாடு எந்த மழையில கன்னு போட்டுச்சுன்னு சொல்றவ, அவ மறப்பாளா என்றார். பூட்ஸை வாசலில் வைக்கப் போனவர் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். நம்மோடு இருக்கப் பிடிக்காமல்தான் அதை ஒதுக்கிவிட்டாய் என்று அவர் நினைத்துவிட்டார், எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை.

இதற்கு நடுவில் தீயணைப்பு நிலையத்தில் வருடாவருடம் போடும் காட்டுப்பூண்டு விருந்து நடந்தது. ஊரே வந்திருந்தது, ஓபல் அத்தையும் வந்திருந்தாள். அவள் வாய் உனக்குத் தெரியாததா. சோளரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி அப்பாவைப் பார்த்து, என்ன வெண்டல், உன் மக நெஜ டாக்டர் படிப்பு கிடைக்காம எலும்புல சொடக்கு எடுக்கிற படிப்புக்குப் போறாளாமே என்றாள். போன வருடம் பெரிய பல்கலைக்கழகம் உன்னை வேண்டாம் என்று சொன்னதை அவளிடம் யார் சொன்னார்களோ. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, ஓபல், உன் பித்தப்பையை எடுத்தது யாரு, அந்தச் சொடக்கு டாக்டர்தான், அன்னிக்கு ஏன் மயக்கம் போடறதுக்கு முன்னாடி எழுந்து ஓடல என்று கேட்டார். மேஜையே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, மார்க்கு இருந்தா ஏன் அங்கே போறா என்று முணுமுணுத்தாள். சரியான பதில் சொல்லிவிட்டாரே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் வண்டியில் வரும்போது அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார், மார்க்கு அவ்வளவு மோசமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. மோசமில்லை, சுமார், அதுவும் எப்படிச் சுமாரானது என்று உங்களுக்குத் தெரியாதா என்றேன். நம் மாடு டச்சஸ் அவரைக் கொட்டகைக் கம்பியோடு சேர்த்து நசுக்கி இடுப்பை உடைத்த குளிர்காலத்தில், வராதே என்று நாங்கள் இருவரும் சொல்லச் சொல்லக் கேட்காமல் பையோடு வந்து இறங்கினாய், விடியுமுன்னும் பொழுது சாய்ந்தும் கறந்தாய், நடுவில் காரை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்கும் போனாய். அந்த வருடத்து வேதியியலும் இயற்பியலும்தான் இன்றுவரை உன் காலைப் பிடித்து இழுக்கின்றன. அப்பா மறுநாள் காலைக் கறவை முடிந்ததும் சுத்தமான சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கிளம்பு, பெல்ஃபோர்ட் போயி நேர்லயே கேட்டுட்டு வந்துடுவோம் என்றார்.

உன்னிடம் சொல்லாமல் போனோம், கோபித்துக்கொள்ளாதே. அங்கே சேர்க்கை அலுவலகத்தில் திருமதி ஸ்டாலர்ட் என்று ஒரு அம்மாள், நரைத்த கூந்தல், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அப்பா தொப்பியைக் கழற்றி, வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல், என் பொண்ணுக்கு மார்க் சுமார்தான், எடுப்பீங்களா மாட்டீங்களா, எடுக்கமாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க கறவைக்குத் திரும்பணும் என்றார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். உக்காருங்க சார், மாடு கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உன் பெயரைக் கேட்கவில்லை, பெயர் தெரிந்துவிட்டால் தன்னால் எதுவும் பேச முடியாது என்றாள், ஆனால் பொதுவாக எல்லாருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னாள், நான் மனதில் பதித்துக்கொண்டதை எழுதுகிறேன். மொத்த மார்க்கை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுகிற இடங்களும் உண்டு, கடைசி இரண்டு வருடம் மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற இடங்களும் உண்டு, நீ தேட வேண்டியது இரண்டாவதை. விழுந்த பாடத்தை மறுபடி எழுதித் தேறியிருந்தால் அதற்குத் தனி மதிப்பாம், நீ வேதியியலை மறுபடி எழுதியது நல்லதாகப் போயிற்று. சில அரசுக் கல்லூரிகள் எல்லாரிடமும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் இடமெல்லாம் தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே போய்விடும். அதைக் கேட்டதும் எனக்கு உன் டெக்சாஸ் ஞாபகம் வந்தது, அதை நன்றாக விசாரித்துவிட்டு அனுப்பு. புதிதாக முளைத்த கல்லூரி சுலபமாக எடுக்கும் என்று ஓடாதே, அங்கே சேர்ந்தவர்கள் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், முடித்தவர்களுக்குப் பயிற்சி எந்த மருத்துவமனையில் கிடைத்தது என்று கேட்டுவிட்டுப் போ என்றாள். பெல்ஃபோர்ட் நம் மேற்கு வர்ஜீனியா மலைப் பிள்ளைகளைத் தேடித்தான் எடுக்குமாம், படித்துவிட்டு மலையிலேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்ற எண்ணத்தில். அதற்காக இடம் நிச்சயம் என்று அவள் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அப்பா அழுத்திக் கேட்டதற்கு, சார், என்னால சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான், விண்ணப்பமே போடாதவங்களை எங்களால எடுக்க முடியாது என்றாள்.

வெளியே வரும்போது ஒரு கூடத்தில் மாணவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். அப்பா நொண்டி நடப்பதைப் பார்த்த ஆசிரியர், ஐயா, எங்க பிள்ளைங்களுக்கு நெஜமான இடுப்பு ஒண்ணு கிடைச்சா நல்லாருக்கும், படுக்கிறீங்களா என்று கேட்டார். உன் அப்பா, கால்நடை மருத்துவரைத் தவிர யாரையும் நம்பாதவர், பூட்ஸோடு ஏறிப் படுத்தார்! மேடி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், உள்ளங்கையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் உன் அப்பா குறட்டை விட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. எழுந்தபின் அந்தப் பெண்ணோடு பேச்சுக் கொடுத்தார். அவளும் பண்ணை வீட்டுப் பிள்ளை, அடுத்த மாவட்டம். வீடு பக்கத்துல இருக்கிறது நல்லதாப் போச்சும்மா உனக்கு என்று அப்பா சொன்னதும் அவள் முகம் மாறியது. நல்லதுதான் சார், ஆனா பக்கத்துலயே இருக்கேன்ல, அப்பா வைக்கோல் அடிக்கணும்பாரு, வேலி விழுந்துடுச்சும்பாரு, கூப்பிடாட்டியும் கூப்பிடலையேன்னு மனசு அங்கதான் இருக்கும், சனி ஞாயிறு ஒண்ணுகூட எனக்குன்னு இருந்ததில்ல, போன தடவை ஒரு பாடம் போயிடுச்சு, இன்னொண்ணு போனா அனுப்பிடுவாங்க என்றாள். குறை சொல்கிற தொனியே இல்லை. அவள் அப்பாமேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் மலை ஏறி இறங்கி நம் பால் தொட்டி கண்ணில் படும்போதுதான் அப்பா விஷயத்துக்கு வந்தார். அவளுக்கு நம்மள பிடிக்காம இல்ல நோரீன், பயம், இங்க வந்தா திரும்பக் கறவைக்குள்ள விழுந்துடுவோம்னு பயம் என்றார். கூப்பிட மாட்டோம் என்று நாம் வாக்குக் கொடுத்தால் போதாதா என்றேன். வாக்கு எதுக்கு, போன்ல மாடு கத்துற சத்தம் கேட்டாலே போதும், அவ வந்து நிப்பா, இடுப்பு உடைஞ்சப்ப நாமளா கூப்பிட்டோம் என்று கேட்டார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே, மாட்டைக் கொடுத்துடலாமா, உனக்குச் சம்மதமா என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு காலைகூட நான் கறவைக்கு இறங்காமல் இருந்ததில்லை, நீ பிறந்த அந்த ஒரு வாரத்தைத் தவிர. அழுவேன் என்று அவர் எதிர்பார்த்தார்போல. வாங்கறவன் யாரு என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார்.

பள்ளத்தாக்கில் புதிதாகப் பண்ணை தொடங்கியிருக்கும் மென்னோனைட் சபைத் தம்பதி எடுத்துக்கொண்டார்கள், சின்ன வயசு, அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் ஒரு குழந்தை. இந்த வாரம் லாரி வந்தது. அப்பா ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் தட்டி, இவ காது தொட்டா பிடிக்காது, இவளுக்குப் பாட்டு போட்டாத்தான் பால் இறங்கும், இவகிட்ட கம்பிப் பக்கமா நிக்காதீங்க என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார், அது டச்சஸ்தான். அவள் கடைசியாக ஏறினாள், ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தாள், அப்பாதான் தோளைக் கொடுத்துத் தள்ளினார், தன் இடுப்பை உடைத்தவளையே. லாரி வளைவில் திரும்பிப் போனதும் நான் கொட்டகைக்குள் போய் நின்றேன். கெல்சி, அந்த அமைதி எனக்குக் காதை அடைத்தது. சந்தோஷமாக இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வருத்தத்துக்குள்ளேயே, ஏதோ முதுகிலிருந்து இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. அப்பா இன்னும் விடியுமுன் எழுந்துவிடுகிறார், எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் பிஸ்கட் சுடுகிறார், கல்லாக வருகிறது, நானும் குழம்பில் ஊறவைத்துத் தின்கிறேன்.

உனக்காக விற்றோம் என்று உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. முட்டி தாங்கல, இடுப்பு தாங்கல, அதான் வித்தேன்னு எழுது என்றார். அதுவும் உண்மைதான், அந்த இடுப்போடு இன்னும் எத்தனை குளிர்காலம் இறங்குவார். ஆனால் உன்னிடம் பாதி உண்மை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நீ இதை ஒரு கடனாகத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. நீ அரிசோனாவுக்குப் போனாலும் மெய்னுக்குப் போனாலும் மாடுகள் போனது போனதுதான், நாங்கள் திரும்ப வாங்கப்போவதில்லை. பெல்ஃபோர்ட்டை நீ விட்டதற்கு நாங்கள் நினைத்ததைத் தவிர வேறு காரணம் இருந்தால், உண்மையிலேயே அந்த ஊரோ படிப்போ பிடிக்கவில்லை என்றால், விட்டுவிடு, ஒரு கேள்வி கேட்கமாட்டோம். பயம்தான் காரணம் என்றால் அந்தப் பயத்துக்கு இனி இங்கே வேலையில்லை. உன் மார்க்குக்கு எது அதிகமாகக் கதவைத் திறக்கும் என்று மட்டும் பார், அதை வேண்டாமென்று ஒதுக்குகிற அளவுக்கு நமக்கு வசதியில்லை. ஒருவேளை அங்கே இடம் கிடைத்தால் எங்கள் ஏற்பாடு இது: நவம்பரில் வரும் நன்றி கூறும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் நீ வந்தால் போதும், நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டமாட்டோம், வேலி விழுந்தால் ஆள் வைத்து நிமிர்த்திக்கொள்வோம். வீட்டுக்கு வந்தால் பூட்ஸைத் தேடாதே. விருந்தாளியாக வா, வந்து நாற்காலியில் உட்கார், நாங்கள் பரிமாறுகிறோம். அப்படி ஒருநாள் உன்னை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் உன் அப்பாவுக்கு இப்போது இருக்கும் ஒரே ஆசை.

அரிசோனா, கலிஃபோர்னியா எதையும் இதற்காக விட்டுவிடாதே, எல்லாவற்றுக்கும் போடு. ஓபல் அத்தை சொன்னதை மனதில் வைக்காதே. நல்ல மனதும் நிதானமான கையும் உனக்கு இருக்கின்றன, ஆண்டவர் அவற்றுக்கு ஏற்ற இடத்தில் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், நடுவில் எத்தனை பேர் இல்லை என்று சொன்னாலும் உன் தைரியம் குறையாமல் காப்பார். ஒன்று மறக்காதே, சேர்க்கை திறந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், வர வர எடுத்து நிரப்பிக்கொண்டே போவார்களாம், தாமதமாக வருகிறவர்களுக்கு இடம் மிஞ்சாதாம். கட்டுரையைத் திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று தள்ளிப்போடாமல் அனுப்பிவிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா நோரீன்

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, முட்டியைப் பற்றி எழுதினாயா என்று கேட்கிறார். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.